பேரரசுச் சீனத்தில் பண்பாடும் அரசதிகாரமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கி.மு. 221இல் சின் அரசு ஏனைய நாடுகளை வென்று ஒரே பேரரசை நிறுவியது முதல், கி.பி. 1912இல் சிங் மரபின் கடைசிப் பேரரசர் முடிதுறந்தது வரையிலான காலத்தைப் பேரரசுச் சீனம் என்பர். அந்த இரண்டாயிரம் ஆண்டுகளில் அரியணைக்கும் கற்றறிந்தோருக்கும் இடையே இருந்த உறவைப் பற்றிய கேள்விகளும் விடைகளும் இங்கே தொகுக்கப்பட்டுள்ளன.

எல்லா நாட்டு அரசர்களும் புலவர்களைப் போற்றினார்கள். சீனத்தில் மட்டும் இதில் தனியாகப் பேச என்ன இருக்கிறது?

பல நாடுகளில் புலவர் அரசவைக்கு அணிகலனாக இருந்தார். சீனத்திலோ, குறிப்பாகச் சொங் காலம் (960–1279) தொடங்கி, செய்யுள் எழுதத் தெரிந்தவரே மாவட்டத்தை ஆண்டார், வழக்குகளைத் தீர்த்தார், வரி தண்டினார், சில வேளைகளில் முதன்மை அமைச்சராகவும் அமர்ந்தார். படிப்பும் பதவியும் ஒரே ஆளிடம் சேர்ந்திருந்ததுதான் இங்கே சிறப்பு.

இதன் தேவையை உணர்த்தும் ஓர் உரையாடலை வரலாற்றாசிரியர் சிமா சியான் பதிவு செய்திருக்கிறார். ஹான் மரபை நிறுவிய லியூ பாங், பழைய நூல்களை ஓயாமல் மேற்கோள் காட்டிய லூ ஜியா என்பவரிடம், "நான் நாட்டைக் குதிரை மேலிருந்து பிடித்தவன்; எனக்கு இந்த ஏடுகள் எதற்கு?" என்று எரிச்சல்பட்டார். "குதிரை மேலிருந்து பிடித்தீர்கள், சரி, குதிரை மேலிருந்தே ஆளவும் முடியுமா?" என்று லூ ஜியா திருப்பிக் கேட்டார்.

அரசு கற்றவர்களை விலைக்கு வாங்கிவிட்டது என்று இந்த உறவைச் சுருக்கிவிடுவோர் உண்டு. அது பாதி உண்மை. எந்த நூல்களை வைத்து ஆட்சி தன்னை நியாயப்படுத்திக்கொண்டதோ, அதே நூல்களை வைத்து ஆட்சியைக் குறை சொல்லும் உரிமையையும் அது கற்றவர்களுக்குக் கொடுத்துவிட்டது. நூலுக்குப் பொருள் சொல்லும் உரிமை யாருக்கு என்ற இழுபறி கடைசி வரை தீரவே இல்லை.

கன்பூசியஸின் போதனைகள் எப்போது அரசின் கொள்கையாயின?

கன்பூசியஸ் வாழ்ந்த காலத்தில் (கி.மு. 551–479) அல்ல, முதல் பேரரசின் காலத்திலும் அல்ல. கி.மு. 213இல் அமைச்சர் லி சி சொன்ன யோசனைப்படி, தனியாரிடம் இருந்த பழம்பாடல் தொகுப்புகளையும் ஆவண நூல்களையும் பிற நாட்டு வரலாறுகளையும் எரிக்குமாறு சின் அரசு ஆணையிட்டது. மருத்துவம், குறி, வேளாண்மை ஆகியவை பற்றிய நூல்களுக்கு விலக்கு இருந்தது. அரசவை அறிஞர்கள் மட்டும் தடை செய்யப்பட்ட நூல்களையும் வைத்துக்கொள்ளலாம் என்ற விதியும் இருந்தது. இதைப் பலர் கவனிப்பதில்லை. அறிவை ஒழிப்பதைவிட அதைத் தன் பெட்டியில் வைத்துப் பூட்டுவதே அந்த ஆணையின் நோக்கம் என்று கொள்வதுதான் பொருத்தம்.

திருப்பம் ஹான் பேரரசர் வூவின் காலத்தில் (கி.மு. 141–87) வந்தது. பாடல், ஆவணம், சடங்கு, குறி, வரலாறு ஆகியவை பற்றிய ஐந்து செவ்வியல் நூல்களுக்கும் அரசு ஆசிரியர்கள் அமர்த்தப்பட்டார்கள், கி.மு. 124இல் அவர்களிடம் பயில 50 மாணவர்கள் சேர்க்கப்பட்டார்கள். இதுவே பேரரசுக் கல்விக்கழகத்தின் தொடக்கம். மூன்று நூற்றாண்டுகள் கழித்து, பாடவேறுபாடுகள் பெருகிச் சண்டை மூண்டபோது, கி.பி. 175இல் அந்த நூல்களின் அரசு ஏற்ற வடிவத்தைக் கல்லில் வெட்டித் தலைநகர் லுவோயாங்கில் நிறுத்தும் பணி தொடங்கியது. பார்க்கவும் படியெடுக்கவும் வந்தவர்களின் வண்டிகள் தெருவை அடைத்துக்கொண்டன என்று அக்கால வரலாறு கூறுகிறது. கற்களின் துண்டுகள் சில இன்றும் இருக்கின்றன.

அரசுத் தேர்வு நடைமுறையில் எப்படி நடந்தது?

சுயி மரபில் (581–618) முளைத்து, தாங் காலத்தில் வளர்ந்து, சொங் காலத்தில் முழு உருப்பெற்ற இந்தத் தேர்வு, மிங், சிங் காலங்களில் படிப்படியான ஏணியாக அமைந்தது. மாவட்டத்திலும் வட்டாரத் தலைநகரிலும் தேறியவர் முதல்நிலைப் பட்டம் பெற்றார். மூன்றாண்டுக்கு ஒருமுறை மாகாணத் தேர்வு. அதில் தேறியோருக்குத் தலைநகரில் தேர்வு. இறுதியாக, பேரரசரின் பெயரில் அரண்மனைத் தேர்வு. கடைசிப் படியின் அரசியல் நுட்பமானது. தேர்வாளர் தமக்கு வேண்டியவரைத் தேற்றினார் என்ற புகாரை அடுத்து 973இல் சொங் மரபின் முதல் பேரரசர் தாமே மறுதேர்வு நடத்தினார். அது நிலைத்த வழக்கமாயிற்று. அதன்பின் தேறியவர்கள் எவரும் இன்ன அமைச்சரின் மாணவர் அல்லர். அனைவரும் பேரரசரின் மாணவர்கள்.

நாஞ்சிங்கில் இருந்த மாகாணத் தேர்வுக்கூடத்தில் 19ஆம் நூற்றாண்டில் 20,000க்கும் மேற்பட்ட சிற்றறைகள் வரிசை வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றும் ஒருவர் கையை விரித்தால் சுவரில் இடிக்கும் அளவே இருந்தது. முன்பக்கம் கதவு இல்லை. உள்ளே இரண்டு பலகைகள்: மேலே செருகினால் எழுதும் மேசை, கீழே செருகினால் இருக்கை, இரவில் இரண்டையும் ஒரே மட்டத்தில் சேர்த்தால் படுக்கை. முழு உடலையும் நீட்ட இடம் போதாது. மூன்று அமர்வுகள், ஒவ்வொன்றுக்கும் இரண்டு இரவுகள் உள்ளேயே தங்க வேண்டும். சமையலும் அங்கேதான், மழை பெய்தால் விடைத்தாளை நனையாமல் காப்பதும் எழுதுபவர் பாடு.

முறைகேட்டைத் தடுக்கும் ஏற்பாடு அக்கால உலகில் வேறெங்கும் காண முடியாத அளவுக்குக் கறாரானது. தாளில் பெயர் மறைக்கப்பட்டது. கையெழுத்தை வைத்து ஆளைக் கண்டுபிடித்துவிடக் கூடாது என்பதற்காக, கறுப்பு மையில் எழுதப்பட்ட ஒவ்வொரு விடையையும் எழுத்தர்கள் சிவப்பு மையில் படியெடுத்தார்கள். தேர்வாளர் கைக்குப் போனது சிவப்புப் படி மட்டுமே. இவ்வளவுக்கும் பிறகு கையூட்டு ஒழிந்ததா என்றால், இல்லை. விடையின் குறிப்பிட்ட இடத்தில் குறிப்பிட்ட எழுத்தை வைப்பது என்று முன்கூட்டியே தேர்வாளரோடு பேசிவைத்துக்கொள்ளும் தந்திரமும் கூடவே வளர்ந்தது.

ஏழை வீட்டுப் பிள்ளையும் அமைச்சராகலாம் என்பது உண்மையா?

சட்டப்படி உண்மை, நடைமுறையில் அரிது. 1148ஆம் ஆண்டின் தேர்ச்சிப் பட்டியல் நமக்கு முழுமையாகக் கிடைத்திருக்கிறது. தேறியவர்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்குத் தந்தை, பாட்டன், முப்பாட்டன் வழியில் பதவி வகித்தவர் எவரும் இல்லை என்பதை அதிலிருந்து அறிகிறோம். ஆனால் அந்தப் பட்டியலில் தாய்மாமனும் பெரியப்பாவும் மாமனாரும் இடம்பெறவில்லை. அவர்களையும் கணக்கில் எடுத்துக்கொண்டால் ‘புதிய இரத்தம்’ வெகுவாகக் குறைந்துவிடும் என்று பிற்கால ஆய்வாளர்கள் வாதிட்டார்கள். எனக்கு இந்த வாதமே வலுவானதாகப் படுகிறது. நான்கு லட்சத்துக்கும் மேற்பட்ட எழுத்துகள் கொண்ட நூல்களை மனப்பாடம் செய்ய வேண்டுமானால், பல ஆண்டுகள் ஒரு பையன் வயலில் இறங்காமல் இருக்க வேண்டும். அந்தச் செலவை எல்லாக் குடும்பங்களாலும் தாங்க முடியாது. சூசோ நகரில் சொங் அமைச்சர் ஃபான் சோங்யன் 11ஆம் நூற்றாண்டில் தம் குலத்துக்காக நிறுவிய அறக்கட்டளை நிலம்போல, குலத்தின் பொதுச் சொத்து சில ஏழைப் பிள்ளைகளைத் தூக்கிவிட்டது என்பதையும் மறுப்பதற்கில்லை.

வட்டார ஏற்றத்தாழ்வு வேறொரு சிக்கல். 1397இல் தலைநகரத் தேர்வில் தேறிய அனைவரும் தென்பகுதியினராகவே இருந்தார்கள். வடபகுதியினர் கொதித்தெழ, மிங் மரபின் முதல் பேரரசர் ஹோங்வு மறுபரிசீலனைக்கு உத்தரவிட்டார். தாள்கள் நேர்மையாகவே திருத்தப்பட்டிருந்தன என்று பரிசீலித்தவர்களும் சொல்ல, அவர்களில் பலரைக் கொன்றார். பிறகு தாமே நடத்திய தேர்வில் வடபகுதியினரை மட்டும் தேற்றினார். அடுத்த தலைமுறையில் வடக்கு, தெற்கு, நடுப்பகுதி என்று இடஒதுக்கீடு நிலைபெற்றது. தகுதியா, பிரதிநிதித்துவமா என்ற விவாதம் எவ்வளவு பழையது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

தேறியும் பதவி கிடைக்காதவர்கள் என்ன செய்தார்கள்?

பெரும்பாலோர் அந்த வகையினரே. சிங் பேரரசில் தரநிலை பெற்ற குடிமை அதிகாரிகள் ஏறத்தாழ 20,000 பேர். 19ஆம் நூற்றாண்டில் மக்கள்தொகையோ 40 கோடியை எட்டியது. சொந்த மாகாணத்தில் பணியாற்றக் கூடாது என்ற விதியால் மாவட்ட ஆட்சியருக்கு உள்ளூர்ப் பேச்சுமொழியே விளங்காது. ஆகவே ஊரிலிருந்த பட்டதாரிகளே கால்வாய்ப் பராமரிப்பு, பஞ்ச நிவாரணம், பள்ளி, கோயில், நிலத்தகராறு என்று அனைத்திலும் இடைநின்றார்கள். முதல்நிலைப் பட்டமே உடலுழைப்புக் கடமையிலிருந்து விலக்கும், ஆட்சியர் முன் மண்டியிடத் தேவையில்லாத மதிப்பும், பிரம்படியிலிருந்து பாதுகாப்பும் தந்தது. பதவி இல்லாவிட்டாலும் அதிகாரம் இருந்தது.

சிலர் கசந்து திரும்பினார்கள். குவாங்சோவில் மீண்டும் மீண்டும் தோற்ற ஹோங் சியுச்சுவான், தம்மை இயேசுவின் இளைய சகோதரர் என்று அறிவித்து 1851இல் தைப்பிங் அரசைத் தொடங்கினார். கோடிக்கணக்கானோர் மாண்ட அந்தப் போரின் நடுவிலும் அவரது அரசு தனக்கென்று ஒரு தேர்வை நடத்தியது; வேறு எப்படி ஆள்வது என்று அவருக்கும் தெரியவில்லை போலும்.

செவ்வியல் நூல்களையே பேரரசரால் மாற்ற முடிந்ததா?

முயன்றார்கள். கன்பூசியஸின் வழிவந்த சிந்தனையாளர் மென்சியஸின் நூலில் மக்களே முதன்மையானவர், அடுத்தது நாட்டின் தெய்வங்கள், அரசன் எல்லாவற்றிலும் எளியவன் என்று ஒரு கூற்று வருகிறது. குடிகளைப் புல்லாகவும் மண்ணாகவும் நடத்தும் அரசனைக் குடிகள் கொள்ளையனாகவும் பகைவனாகவும் கருதுவர் என்று இன்னொன்று. பிச்சையெடுத்த துறவியாக இருந்து அரியணை ஏறிய ஹோங்வு இவற்றைப் பொறுக்கவில்லை. 1394இல் லியூ சான்வு என்ற மூத்த அறிஞரைக் கொண்டு 85 பகுதிகளை நீக்கிய பதிப்பை வெளியிட்டு, நீக்கிய பகுதிகளிலிருந்து தேர்வில் வினா வரக் கூடாது என்று விதித்தார். மூன்றாண்டுகள் கழித்து நடந்த தென்பகுதித் தேர்வு விவகாரத்தில் சிக்கிய தலைமைத் தேர்வாளரும் இதே லியூ சான்வுதான். முதுமை கருதி உயிர் தப்பி எல்லைக்கு அனுப்பப்பட்டார்.

வெட்டப்பட்ட பதிப்பு இருபது ஆண்டுகள்கூடத் தாங்கவில்லை. மகன் யோங்லெ காலத்திலேயே, 1411இல், முழு நூலும் திரும்பி வந்தது. ஆணை வலுவிழந்ததற்குக் காரணம், அந்த நூல் நாடெங்கும் மனப்பாடமாக இருந்ததுதான்.

எதிர்த்திசையிலும் இதே கதை நடந்தது. கன்பூசியஸ், மென்சியஸ் ஆகியோரின் கூற்றுகள் உள்ளிட்ட ‘நான்கு நூல்கள்’ என்ற செவ்வியல் தொகுதிக்குச் சொங் கால அறிஞர் ஜூ சீ எழுதிய உரை 1313இல், மங்கோலியரின் யுவான் ஆட்சியில், தேர்வுக்குரிய அதிகாரபூர்வ உரையாயிற்று. 1905 வரை அப்படியே நீடித்தது. அதே ஜூ சீ 1200இல் இறந்தபோது அவரது போதனை ‘பொய்க் கல்வி’ என்று அரசால் தடை செய்யப்பட்டிருந்தது. அரசு கல்வியைப் படைத்ததைவிட, தனக்கு வெளியே வேரூன்றிவிட்ட கல்வியைப் பின்னால் போய்த் தழுவிக்கொண்டதே அதிகம்.

ஒரு கவிதைக்காகச் சிறை சென்றவர் உண்டா?

சூ ஷி. 1079இல் ஹூசோவின் ஆட்சியராக இருந்த அவரைக் கைது செய்து தலைநகர் காய்ஃபெங்குக்குக் கொண்டுசென்று நான்கு மாதங்களுக்கும் மேல் சிறையில் வைத்தார்கள். குற்றச்சாட்டு, முதன்மை அமைச்சராக இருந்த வாங் அன்ஷி தொடங்கிய பொருளாதாரச் சீர்திருத்தங்களைச் செய்யுளில் எள்ளினார் என்பது. அச்சிட்டு விற்பனையாகிக்கொண்டிருந்த அவரது கவிதைத் தொகுப்பே சான்றாக வைக்கப்பட்டது.

ஒரு கவிதையில், மலையில் மூங்கில் குருத்து தோண்டும் எழுபது வயதுக் கிழவரைக் காட்டுகிறார். மூன்று மாதமாக இவருக்குச் சாப்பாட்டில் சுவையே தெரியவில்லை. ஷாவ் இசை கேட்டு மயங்கிவிட்டாரோ? இல்லை, மூன்று மாதமாக உப்பு கிடைக்கவில்லை, அவ்வளவுதான். ஷாவ் என்ற பழைய இசையைக் கேட்ட கன்பூசியஸ் மூன்று மாதம் இறைச்சியின் சுவையை மறந்திருந்தார் என்பது படித்தவர் அனைவரும் அறிந்த செய்தி. அந்தப் புனித நினைவைக் கொண்டே அரசின் உப்புக் கட்டுப்பாட்டைக் குத்தினார் சூ ஷி. விசாரணை அதிகாரிகளும் அதே நூலைப் படித்துத் தேறியவர்கள் என்பதால் குத்து எங்கே விழுகிறது என்று அவர்களுக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை. வழக்கின் முடிவில் அவர் ஹுவாங்சோவுக்கு அதிகாரமற்ற பதவியில் அனுப்பப்பட்டார். அங்கே உழுது பயிரிட்ட கிழக்குச் சரிவின் பெயரால்தான் தோங்போ என்று அழைக்கப்படுகிறார்.

அவர் 1101இல் இறந்த பிறகும் பகை தீரவில்லை. பேரரசர் ஹுயிசோங், சீர்திருத்தத்தை எதிர்த்தவர்களின் பெயர்களைக் கல்லில் வெட்டி வைத்தார். 1104ஆம் ஆண்டுப் பட்டியலில் 309 பெயர்கள். சூ ஷியின் நூல்களை அச்சிடும் மரக்கட்டைகளையும் எரிக்க ஆணையிட்டார். இத்தனைக்கும் ஹுயிசோங் தாமே சீன எழுத்துக்கலையின் பெருங்கலைஞர்களில் ஒருவர். ஓவியக் கழகம் நடத்தியவர். 1127இல் வடக்கிலிருந்து வந்த ஜூர்ச்சென் இனத்தாரின் படை அவரைச் சிறைபிடித்து வடக்கே கொண்டுபோனது. கலையில் தோய்ந்ததால் நாட்டை இழந்தார் என்ற பழைய தீர்ப்பு எளிதாக இருக்கிறதே தவிர, காய்ஃபெங் வீழ்ந்ததற்கு முதற்காரணம் வெளியுறவிலும் படையிலும் நிகழ்ந்த பிழைகள்.

சிங் மரபை நிறுவிய, வெளியிலிருந்து வந்த மஞ்சுக்கள் சீனப் பண்பாட்டை ஏன் ஏற்றார்கள்?

ஏற்றார்கள் என்பதோடு, அதில் சொந்தம் கொண்டாடினார்கள் என்றும் சொல்ல வேண்டும். 1645இல் ஆண்கள் அனைவரும் முன்தலையை மழித்துப் பின்னல் விட வேண்டும் என்று சிங் அரசு கட்டளையிட்டது; மறுத்த ஜியாங்யின், ஜியாடிங் நகரங்களில் பெரும் படுகொலை நடந்தது. மறு ஆண்டே அரசுத் தேர்வையும் தொடங்கிவிட்டார்கள். 1679இல் காங்சி பேரரசர் சிறப்புத் தேர்வு ஒன்றை நடத்தி, தேர்ந்தெடுத்த 50 அறிஞர்களை மிங் மரபின் வரலாற்றைத் தொகுக்க அமர்த்தினார். பழைய மரபின் விசுவாசிகளுக்கு அதன் வரலாற்றையே எழுதும் வேலை கொடுத்தது கெட்டிக்காரத்தனம். கூ யான்வு போன்ற சிலர் கடைசி வரை அழைப்பை ஏற்கவில்லை.

காங்சியின் மகன் யோங்செங் ஒருபடி மேலே போனார். 1728இல் செங் ஜிங் என்ற நாட்டுப்புற ஆசிரியர், மஞ்சுக்கள் நாகரிகமற்றவர்கள், ஆளத் தகுதியற்றவர்கள் என்று கூறி, ஒரு மாகாணத் தலைவரைக் கிளர்ச்சிக்குத் தூண்டிக் கடிதம் அனுப்பிப் பிடிபட்டார். பேரரசர் அவரைக் கொல்லாமல், அவரது குற்றச்சாட்டுகளுக்கு வரிக்கு வரி மறுப்பு எழுதி, வாக்குமூலத்தையும் சேர்த்து நூலாக அச்சிட்டு நாடெங்கும் படிக்கச் செய்தார். எங்கே பிறந்தோம் என்பதல்ல, அறத்தோடு ஆள்கிறோமா என்பதே தகுதி என்று செவ்வியல் நூல்களை மேற்கோள் காட்டி வாதாடினார். ஆனால் 1735இல் அரியணை ஏறிய அவரது மகன் சியான்லோங், சில மாதங்களுக்குள் செங் ஜிங்கைக் கொன்று, அந்த நூலையும் திரும்பப் பெற உத்தரவிட்டார். மறுப்பைப் படித்தவர்கள் குற்றச்சாட்டையும் அல்லவா படித்துவிட்டார்கள்!

சிக்கு சுவான்ஷு நூல்தொகுப்பு அறிவுப் பணியா, தணிக்கையா?

இரண்டும், ஒன்றை மற்றதிலிருந்து பிரிக்க முடியாது. 1770களில் சியான்லோங் தொடங்கிய இத்தொகுப்பில் ஏறத்தாழ 3,460 நூல்கள், 36,000க்கும் மேற்பட்ட கட்டுகளில் கையால் எழுதப்பட்டன. ஏழு படிகள். நாடெங்கும் வீடுகளிலிருந்து நூல்களைத் திரட்டியபோதே, மஞ்சுக்களைப் பழிப்பவை பிரிக்கப்பட்டன. ஆயிரக்கணக்கான நூல்கள் அழிந்தன. தொலைந்துபோன பல பழைய நூல்கள் மீட்கப்பட்டதும் இதே திட்டத்தால்தான்.

அச்சத்தின் அளவை ஒரு வழக்கு காட்டும். 1777இல் வாங் சிஹோவ் என்பவர், காங்சி பேரரசர் தொகுப்பித்த அகராதியில் குறை கண்டு, தாமே சிறிய அகராதி ஒன்றை வெளியிட்டார். பேரரசர்களின் இயற்பெயர் எழுத்துகளை முழுமையாக எழுதக் கூடாது என்பது விதி. மாணவர்கள் அறிந்து தவிர்க்கட்டும் என்று அவர் அந்த எழுத்துகளை அப்படியே அச்சிட்டுக் காட்டிவிட்டார். அவருக்கு மரணதண்டனை, நூலைப் பார்த்தும் குற்றத்தைக் கவனிக்காத மாகாண ஆளுநரும் தண்டிக்கப்பட்டார். அதற்குப் பிறகு அதிகாரிகள் சந்தேகம் வந்த நூலையெல்லாம் அனுப்பிவைத்ததில் வியப்பில்லை.

எழுத்தறியாத மக்களுக்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

உண்டு. காங்சி 1670இல் வெளியிட்ட 16 அறவுரைகள் மாதம் இருமுறை ஊர்தோறும் படித்து விளக்கப்பட்டன. மக்கள் எவ்வளவு ஆர்வத்தோடு கேட்டார்கள் என்பது வேறு செய்தி. இதைவிடப் பயன் தந்தது, தெய்வங்களுக்குப் பட்டம் வழங்கும் வழக்கம். ஃபூஜியன் கடற்கரை மீனவர்கள் வணங்கிய மாசுவின் கோயிலுக்கு 1123இல் சொங் அரசு பெயர்ப்பலகை வழங்கியது. பின்வந்த அரசுகள் பட்டங்களைக் கூட்டிக்கொண்டே போய், சிங் காலத்தில் அவளை ‘விண்ணரசி’ ஆக்கின. மீனவருக்கு அவள் புயலில் காப்பவள். அதிகாரிக்கு அவள் கடற்கரை அடங்கியிருப்பதன் அடையாளம். ஒரே கோயிலில் இருவரும் கும்பிட்டார்கள்.

பெண்களுக்கு இதில் இடம் இருந்ததா?

தேர்வறைக்குள் இல்லை. ஆனால் ஹான் வரலாற்று நூலை நிறைவு செய்த பான் ஜாவ் ஒரு பெண். தம் பெயரிலேயே பேரரசராக ஆண்ட ஒரே பெண்ணான வூ செத்தியன் (690–705), கன்பூசிய நூல்கள் தமக்கு இடம் தராததால் பௌத்த நூல்களில் நியாயம் தேடினார். தமக்கென்று புதிய எழுத்துகளையே உருவாக்கினார். பிற்காலத்தில் படித்த குடும்பங்களில் மகனுக்கு முதல் பாடம் சொல்லித்தந்தவர் பெரும்பாலும் தாயே.

இந்தப் பண்பாட்டு அதிகாரம் கடல் கடந்ததா?

கொரியாவும் வியட்நாமும் தேர்வு முறையையே எடுத்துக்கொண்டன. வியட்நாமில் அது 1919 வரை நடந்தது. தமிழருக்கு நெருக்கமான சான்று இலங்கையில் இருக்கிறது. யோங்லெ பேரரசரின் கடற்படைத் தலைவர் செங் ஹே கொண்டுவந்த, 1409ஆம் ஆண்டுக் கல்வெட்டு ஒன்று 1911இல் காலி நகரில் கண்டெடுக்கப்பட்டு, இப்போது கொழும்பு அருங்காட்சியகத்தில் உள்ளது. சீனத்தில் புத்தருக்கும், தமிழில் தென்முனையிலுள்ள தேனவரை நாயனார் என்ற இந்துத் தெய்வத்துக்கும், பாரசீகத்தில் இசுலாமிய மரபுக்கும் பேரரசரின் காணிக்கைகளை அது அறிவிக்கிறது. பொன், வெள்ளி, பட்டு, எண்ணெய் எனக் காணிக்கைகள் மூன்றிலும் ஏறக்குறைய ஒன்றே. அடுத்த இரண்டு ஆண்டுகளுக்குள் இதே செங் ஹே இலங்கை ஆட்சியாளர் ஒருவரைப் போரில் வென்று சிறைபிடித்து நாஞ்சிங்குக்குக் கொண்டுசென்றார்.

1905இல் தேர்வு நிறுத்தப்பட்டதும் என்ன ஆயிற்று?

ஜப்பானிடம் 1895இல் அடைந்த தோல்வியும், 1900இல் எட்டு நாட்டுப் படைகள் பீஜிங்கைப் பிடித்ததும், பழைய கல்வி போதாது என்ற முடிவுக்கு அரசைத் தள்ளின. கடைசி அரண்மனைத் தேர்வு 1904இல் நடந்தது. மறு ஆண்டு செப்டம்பரில் ஆணை வந்தது. ஊர்ப் பட்டதாரியை அரியணையோடு கட்டியிருந்த கயிறு அன்றோடு அறுந்தது. இளைஞர்கள் ஜப்பானுக்கும் புதிய படைப்பள்ளிகளுக்கும் போனார்கள். மூத்தவர்கள் 1909இல் கூடிய மாகாண அவைகளில் அமர்ந்தார்கள். உறுப்பினர்களில் பெரும்பாலோர் பழைய பட்டம் பெற்றவர்கள். 1911இல் புரட்சி வெடித்தபோது பல மாகாணங்களில் அந்த அவைகளே பேரரசிலிருந்து பிரிவதாக அறிவித்தன. 1912 பிப்ரவரி 12இல் வெளியான முடிதுறப்பு ஆணையை வரைந்ததில் முதன்மைப் பங்கு ஜாங் ஜியனுக்கு உரியது என்று பரவலாகக் கருதப்படுகிறது. அவர் ஜியாங்சு மாகாண அவையின் தலைவர், 1894 அரண்மனைத் தேர்வில் நாட்டிலேயே முதலிடம் பெற்றவர்.